அசையாத கால், அளவான செலவு

காணொலிப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



காணொலிப் பாடம் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தவுடன் நம்மிடையே எழும் முதல் கேள்வி, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்று நான் விடை சொல்லப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் கைபேசியே போதுமான கேமராதான். நான் பேசப்போவது அதைத் தாங்கி நிற்கும் முக்காலியைப் பற்றி. கடையில் ட்ரைபாட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஒரு லட்சத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. பள்ளியின் கையில் இருக்கும் சிறு தொகையில் உறுதியான ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய பொருள்.

நம் மாநிலத்தில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் பலர் வகுப்பறைச் சுவரின் முன் நின்று பாடத்தைப் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்பினோம். அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. ஆனால் திரைப்படத் துறையில் கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார், அவருக்கு உதவியாளர்களும் இருப்பார்கள். நம் வகுப்பறையில் கேமராவுக்கு முன்னால் நிற்பவரும் நாம்தான், பின்னால் நிற்க வேண்டியவரும் நாம்தான். ஆகவே நம்மைப் பொறுத்தவரை முக்காலி என்பது ஒரு துணைப்பொருள் அல்ல. அதுதான் நம் ஒளிப்பதிவாளர்.

ஆடும் படத்தின் விலை

படம் கொஞ்சம் ஆடினால் என்ன, பாடம் புரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன்.

முதல் கணக்கு, பத்தாம் வகுப்பு முக்கோணவியல். கரும்பலகையிலிருந்து 6 மீட்டர் தொலைவில் கேமராவை வைத்திருக்கிறீர்கள். முக்காலியின் தலை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 பாகை, அசைகிறது. கண்ணால் பார்த்தால் அந்த அசைவு தெரியவே தெரியாது. ஆனால் 6 மீட்டரை 0.1 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வரும். பலகையில் நீங்கள் எழுதிய எழுத்து 4 சென்டிமீட்டர் உயரம் என்றால், அது தன் உயரத்தில் கால் பங்கு மேலும் கீழும் ஆடுகிறது. பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் பிரித்துப் படிக்க முயலும் குழந்தைக்கு அது சின்ன ஆட்டம் அல்ல.

இரண்டாவது கணக்கு டேட்டா பற்றியது. காணொலியில் ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் ஓடுகின்றன. அத்தனை படத்தையும் முழுதாகச் சேமித்தால் கோப்பு தாங்காது. ஆகவே கருவி என்ன செய்கிறது என்றால், முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டுமே பெரும்பாலும் சேமிக்கிறது. கேமரா அசையாமல் நின்றால் பலகை, சுவர், சன்னல் எதுவும் மாறுவதில்லை. உங்கள் கையும் முகமும் மட்டும்தான் மாறுகின்றன. கேமரா ஆடினால் திரையில் உள்ள அத்தனையும் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுகிறது. அதனால் கோப்பு பெரிதாகும். அல்லது, இணையத்தில் ஏற்றும்போது அளவைச் சுருக்குவதற்காக எழுத்துகள் கரைந்து மங்கும். அப்பாவின் கைபேசியில், மாலையில் மிச்சமிருக்கும் டேட்டாவில், சிக்னல் கிடைக்கும் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் குழந்தைக்கு இந்த இரண்டுமே இழப்பு. உறுதியான முக்காலி அந்தக் குழந்தையின் செலவைக் குறைக்கிறது. நாம் செலவிடும் பணத்துக்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

கால்கள்

ஏன் மூன்று கால்? நம் வகுப்பறை மேசையின் நான்கு கால்களில் ஒன்று தரையில் படாமல் ஆடுவதும், அதன் அடியில் நாம் காகிதத்தை மடித்து வைப்பதும் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரே ஒரு தளத்தை வரையறுக்கும். ஆகவே மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் தரையைத் தொட்டு நிற்கும். நில அளவையர்கள் பயன்படுத்தும் தியோடலைட் கருவியும் இதனால்தான் மூன்று காலில் நிற்கிறது.

தரையைத் தொட்டு நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. அசையாமல் நிற்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

ஒன்று, காலின் கடைசிக் குழாய் எவ்வளவு தடிமன் என்பது. காலை இழுத்து நீட்டும்போது ஒவ்வொரு குழாயும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே போகும். நான்கு, ஐந்து பகுதிகளாக நீளும் கால் பையில் அடக்கமாக இருக்கும். ஆனால் அடியில் பென்சில் போன்ற குழாய்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். நமக்கு இரண்டு அல்லது மூன்று பகுதிகள் உள்ள கால்தான் ஏற்றது.

இரண்டு, இணைப்புகள். மலிவான முக்காலிகள் பெரும்பாலும் முறிவது குழாயில் அல்ல, தோள்பட்டையில். மூன்று கால்களும் ஒன்றுசேரும் அந்த இடம் பிளாஸ்டிக்கா, உலோகமா என்று பாருங்கள். பூட்டுகளில் மடக்கும் வகையும் உண்டு, திருகும் வகையும் உண்டு. பள்ளிக்கு மடக்கும் பூட்டே வசதி, பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது தூரத்திலிருந்தே தெரியும். அதை இறுக்கும் திருகு வெளியில் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், இரண்டு ஆண்டு கழித்துத் தளர்ந்தாலும் நாமே இறுக்கிக்கொள்ளலாம்.

மூன்று, நடுத்தண்டு. உயரத்தைக் கூட்டுவதற்காக நடுவில் மேலே இழுக்கும் ஒற்றைக் குழாய் அது. அதை உயர்த்திய நொடியில் முக்காலி ஒற்றைக் காலி ஆகிவிடுகிறது. அட்டைப்பெட்டியில் 170 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதில் 30 சென்டிமீட்டர் நடுத்தண்டின் உயரமாக இருக்கும். நின்று பாடம் நடத்தும் ஆசிரியரைப் படமெடுக்கக் கேமரா 140 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். நடுத்தண்டை உயர்த்தாமலேயே அந்த உயரம் கிடைக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தரையில் வட்டமாக அமர்ந்திருக்கும் குழந்தைகளை அவர்கள் கண்மட்டத்திலிருந்து எடுக்க முக்காலி 60, 70 சென்டிமீட்டர் வரை தாழ வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு சொல். கடைக்காரர் "கையில் எடுத்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி இருக்கிறது" என்பார். மலை ஏறுபவருக்கு அது நல்ல செய்தி. வகுப்பறையிலேயே வைத்துப் பயன்படுத்தும் நமக்கு அல்ல. கார்பன் இழைக் கால்கள் எடை குறைந்தும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் விலை அதிகம். நம் தொகைக்கு அலுமினியமே போதும். காலும் தலையும் சேர்ந்து 2 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தலை

கால்களுக்கு மேல் கேமரா உட்காரும் பகுதிதான் தலை. இடவலமாகத் திருப்புவதைப் பேன் என்றும், மேலும் கீழுமாகச் சாய்ப்பதை டில்ட் என்றும் சொல்வார்கள். புகைப்படக்காரர்கள் விரும்பும் பந்துத் தலையை ஒரு திருகில் எந்தப் பக்கமும் சாய்க்கலாம். காணொலிக்கு அது உதவாது. ஒரு திசையில் மட்டும் திருப்ப நினைக்கும்போது எல்லாத் திசையிலும் சரியும். பேனுக்கும் டில்டுக்கும் தனித்தனிப் பூட்டு உள்ள தலைதான் நமக்கு வேண்டும்.

அதிலும் ஃப்ளூயிட் ஹெட் என்று ஒரு வகை உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சாட்வெல் ஓ'கானர் நீராவி ரயில்களைப் படமெடுப்பதில் பெரும் ஆர்வம் கொண்டவர். ஓடும் ரயிலைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது அது வெட்டி வெட்டி நகர்ந்தது. அதைச் சரிசெய்ய, பிசுபிசுப்பான திரவத்தை உள்ளே அடைத்த தலை ஒன்றை அவரே செய்துகொண்டார். அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி தம் படப்பிடிப்புக்கும் கேட்டு வாங்கினார்.

இதன் இயற்பியல் நம் பாடநூலிலேயே இருக்கிறது. உலர்ந்த இரண்டு பரப்புகளுக்கு இடையே ஓய்வுநிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. ஆகவே தொடங்கும்போது சிக்கிக்கொண்டு, பிறகு திடீரென்று நழுவுகிறது. திரவத்தின் பாகுநிலை விசையோ மெதுவாகத் திருப்பினால் குறைவாகவும், வேகமாகத் திருப்பினால் அதிகமாகவும் எதிர்க்கும். அதனால் அசைவு வழுவழுப்பாக வருகிறது.

ஆனால் அட்டையில் ஃப்ளூயிட் என்று அச்சிட்டதெல்லாம் ஃப்ளூயிட் அல்ல. குறைந்த விலைத் தலைகள் பலவற்றில் தட்டுகளுக்கு இடையே கிரீஸ் தடவியிருப்பார்கள், அவ்வளவுதான். அது தவறு என்று சொல்லவில்லை. சிலவற்றில் அதுவே போதுமான அளவு நன்றாக இருக்கும். பெயரை நம்பாமல் கையால் திருப்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்பு ஒரு கேள்வி: நமக்கு அது தேவையா? கேமராவை ஓரிடத்தில் வைத்து, பலகையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, முன்னால் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பேனும் வேண்டாம், டில்டும் வேண்டாம். அவர் தலையில் மிச்சம்பிடித்து அந்தப் பணத்தைக் காலில் போடலாம். விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, நாடகம் என்று நகரும் காட்சிகளை எடுப்பவருக்குத்தான் நல்ல தலை கட்டாயம்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

தாங்குதிறன் 5 கிலோ என்று அட்டை சொன்னால், அந்தப் பாரத்தில் உடையாது என்று வைத்துக்கொள்ளலாம். அசையாது என்று வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் கேமராவின் எடையைப்போல் இரண்டு மடங்காவது தாங்குதிறன் இருக்கட்டும். மற்றதை நேரில் சோதியுங்கள்.

முதலில், நடுத்தண்டை இறக்கிவைத்து, மூன்று கால்களையும் முழுதாக நீட்டிப் பூட்டுங்கள். தலையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நேராக அழுத்துங்கள். ஏதேனும் ஒரு கால் உள்ளே நழுவினால் அதை வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, தலையைப் பிடித்துக் குழாயைத் திருகுவதுபோல் மெல்லத் திருகிப் பாருங்கள். உள்ளே லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் அது நாளாக நாளாகக் கூடுமே தவிரக் குறையாது.

மூன்றாவது, முக்கியமான சோதனை. உங்கள் கேமராவையோ கைபேசியையோ அதில் பொருத்தி, எதிர்ச்சாரியில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை முடிந்தவரை ஜூம் செய்யுங்கள். ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து ஆடி ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஒரு நொடியில் அடங்கினால் நல்ல கால். மூன்று, நான்கு நொடி ஆடிக்கொண்டே இருந்தால், உங்கள் வகுப்பில் மின்விசிறி சுற்றும்வரை அது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

நான்காவதாக, கேமராவை முன்பக்கம் சாய்த்துப் பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். மூக்கு மெல்லத் தொங்குகிறதா? தொங்கினால், பாடம் முடிவதற்குள் உங்கள் தலை சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

ஐந்தாவதாக, பதிவு செய்துகொண்டே இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பி நிறுத்துங்கள். தொடங்கும்போது துள்ளுகிறதா, நிறுத்தியபின் ரப்பர்போல் பின்வாங்குகிறதா என்று ஓடவிட்டுப் பாருங்கள்.

கேமராவைப் பொருத்தும் சிறு பிளேட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க மறக்காதீர்கள். முதலில் தொலைவது அதுதான். பெரும்பாலான கேமராக்களின் அடியில் உள்ள மரை 1/4 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 புரி. உலகெங்கும் இதுவே வழக்கம் என்பதால் எந்தக் கேமராவும் எந்த முக்காலியிலும் உட்காரும். ஆனால் பிளேட்டின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

தொகை குறைவு என்றால்

கைபேசி மட்டும் இருப்பவர்கள், விளக்கும் கிளிப்பும் சேர்ந்த மெல்லிய ஸ்டாண்டை வாங்காமல், அதே விலையை ஒட்டிக் கிடைக்கும் சாதாரணப் புகைப்பட முக்காலியை வாங்கி, உலோகத்தாலான கைபேசிப் பிடிப்பானைத் தனியாகப் பொருத்திக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்க முடியாதவர்கள், பழையதைத் தேடலாம். உங்கள் ஊர்த் திருமண வீடியோக்காரர்கள் கருவிகளை மாற்றும்போது பழைய கனமான முக்காலிகளை மலிவாகத் தருவதுண்டு. கேமராவுக்கு ஐந்து ஆண்டில் வயதாகிவிடும். நல்ல முக்காலிக்கு அப்படி இல்லை. அதே ஐந்து சோதனைகளைச் செய்து, தேறினால் தயங்காமல் வாங்கலாம். நில அளவைக்குப் பயன்பட்ட பழைய மரக்கால் கிடைத்தால் அது பாறை மாதிரி நிற்கும். ஆனால் அதன் திருகு 5/8 அங்குலம். கேமராத் தலையைப் பொருத்த ஓர் இணைப்பி வேண்டும். லேத் பட்டறையில் செய்துவிடலாம்.

தனித்தனியாக ஐந்து பள்ளிகள் ஐந்து மெல்லிய முக்காலிகளை வாங்குவதைவிட, குறுவள மையத்தில் பேசி நல்ல முக்காலி ஒன்றைச் சுற்றில் வைத்துக்கொள்வதும் நல்ல வழியே.

மேசைமேல் நோட்டுப் புத்தகத்தையோ வேதியியல் சோதனையையோ மேலிருந்து எடுக்க வேண்டுமா? அதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம். ஆய்வகத்தில் இரும்பு அடித்தட்டுடன் உள்ள தாங்கியையும் பிடிப்பானையும் எடுத்துக் கைபேசியைப் பொருத்துங்கள். கைபேசி நீண்டிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அடித்தட்டின்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் சாயாது.

விலைப்புள்ளி கேட்கும்போது

தலைமையாசிரியர்களுக்கு இந்தப் பகுதி. பள்ளி மானியத்தில் வாங்கும்போது விலைப்புள்ளி கேட்கிறோம், குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்கிறோம். "முக்காலி ஒன்று" என்று மட்டும் எழுதினால் சட்டப்படி மிக மெலிந்த ஒன்றுதான் வந்து சேரும். யாரையும் குறைசொல்ல முடியாது, நாம் கேட்டது அதுதான். ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்திலும் விலைப்புள்ளிக் கடிதத்திலும் இப்படி எழுதுங்கள்:

1. நடுத்தண்டை உயர்த்தாமல் குறைந்தது 140 செ.மீ. உயரம்.
2. அலுமினியக் கால்கள், ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளுக்கு மிகாமல்.
3. கால்கள் இணையும் பகுதி உலோகத்தாலானது.
4. தலையுடன் சேர்த்து எடை 2 கிலோவுக்குக் குறையாமல், தாங்குதிறன் 4 கிலோவுக்குக் குறையாமல்.
5. பேன், டில்ட் இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, ரசமட்டம் பொருத்தப்பட்டது.
6. 1/4 அங்குலத் திருகுடன் இரண்டு பிளேட்டுகள்.
7. மாதிரியைப் பள்ளியில் சோதித்த பின்பே ஏற்கப்படும்.

இந்த ஏழு வரிகள் இருந்தால், குறைந்த விலையே வென்றாலும் உறுதியான பொருளே வரும். விலைப்புள்ளி முறையும் காக்கப்படும், பள்ளியின் பணமும் காக்கப்படும்.

வாங்கிய பின்

நல்ல முக்காலியையும் தவறாக நிறுத்தினால் ஆடும். நீட்டும்போது மேலே உள்ள தடித்த குழாய்களை முதலில் நீட்டுங்கள். மெலிந்த கடைசிக் குழாயைத் தேவைப்பட்டால் மட்டும் நீட்டுங்கள். மூன்று கால்களில் ஒன்று பலகையைப் பார்த்து இருக்கட்டும். கேமராவின் பாரம் முன்பக்கம் சாய்வதால் அந்தக் கால் தாங்கும். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே நீங்கள் இடறாமல் நிற்கலாம். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் வரும்வரை கால்களைச் சரிசெய்யுங்கள்.

முக்காலி இலேசானது என்றால், ஒரு துணிப்பையில் நான்கு கிலோ மணலைக் கட்டி நடுவில் தொங்கவிடுங்கள். பையின் அடி தரையைச் சற்றே தொட்டிருக்க வேண்டும். இல்லையேல் அதுவே ஊசலாகிவிடும். மின்விசிறியின் நேர்கீழே வைக்காதீர்கள். பதிவைத் தொடங்கத் திரையைத் தொட்டால் முதல் சில நொடிகள் ஆடும். தொடங்கிய பின் ஐந்து நொடி பொறுத்துப் பேசத் தொடங்கி, அந்த முன்பகுதியை வெட்டிவிடுங்கள். குழந்தைகள் நடமாடும் அறையில் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதற்குள் யாரும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டால் போதும். அதை அவர்களே காவல் காப்பார்கள்.

நிறைவாக, மூன்று வரிகள். எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பணம் குறைவு என்றால் கேமராவில் குறையுங்கள், காலில் குறைக்காதீர்கள். அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு நிற்காமல், அழுத்தியும் திருகியும் சுண்டியும் பாருங்கள். அப்படி வாங்கிய முக்காலி உங்களுக்குப் பின் அந்தப் பள்ளிக்கு வரும் ஆசிரியருக்கும் உழைக்கும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தை, நீங்கள் பலகையில் எழுதிய எழுத்தைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கும்.